குட்டைக் காலுக்கு ஒரு பெடல்

எலும்பு ஒட்டிவிட்டது. உள்ளே வைத்த கம்பி உள்ளேயே இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தால் எனக்கே ஆள் பிழைத்ததா இல்லையா என்று தெரியும்வரை சோறு இறங்காது. அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

என் பெயர் தேன்மொழி. திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் வீடு. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் பருத்தித் துணியில் தொளதொளவென்று பேன்ட், ஜிப்பா தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அளவெடுக்கப் போவது, துணி வாங்கி வருவது, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சைக்கிளில்தான். என் வீட்டுக்காரர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டுகிறார். பெட்ரோல், டீசல் என்று அவர் அலைவதைப் பார்க்கும்போதெல்லாம் என் சைக்கிள்மீது எனக்கு மரியாதை கூடும். பள்ளிக்கூட வயதில் ஏறியவள். அதற்கப்புறம் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான் இறங்கியிருக்கிறேன்.

போன அறுவடைச் சமயத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, இவருடைய பைக்கில் இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில், ரோட்டின் பாதி அகலத்துக்குக் கேழ்வரகுக் கதிர், எங்கள் பேச்சில் கேவுரு, பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் மணி தானாக உதிரும் என்று எங்கள் பக்கத்தில் செய்வதுதான். இவர் மெதுவாகத்தான் போனார். ஆனாலும் கதிர்மேல் சக்கரம் ஏறியதும் பைக் வழுக்கிவிட்டது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் மறுபக்கம் தூக்கி எறியப்பட்டு ஓரத்துக் கல்லில் மோதினேன்.

எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் இடது தொடை நடுவில் மடிந்திருந்தது. முழங்காலில் மடியலாம், இடுப்பில் மடியலாம். அந்த இடத்தில் மடிப்பு வருகிற மாதிரி நான் யாருக்கும் பேன்ட் தைத்ததில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, இது எண்ணெய் தேய்த்துச் சரியாகிற சமாசாரம் இல்லை என்று.

திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்பு டாக்டருக்குச் சின்ன வயது. மெதுவாகப் பேசுவார், கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தொடை எலும்பு நடுவுல மூணு நாலு துண்டா போயிருக்கும்மா. வெளிய கட்டு போட்டா நிக்காது. எலும்புக்கு உள்ள குழாய் மாதிரி இருக்கும். அதுல நீளமா ஒரு கம்பிய விட்டு, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும்."

"பாவாடைல நாடா கோக்கற மாதிரியா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, அதே மாதிரிதான்" என்றார்.

பக்கத்தில் நின்ற இவர் என்னை முறைத்தார். அந்த நேரத்தில் நாடாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று. ஆனால் எனக்கு அதுதான் தைரியம். தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் தெரியாதது கொஞ்சம் அடங்கி நிற்கிறது.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நானும், ஊசி போட்ட டாக்டரம்மாவும். அந்தப் பக்கம் என் காலும், மற்ற எல்லாரும். கொஞ்ச நேரத்தில் டக் டக்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு துளை போடும் சத்தம். மருந்து மப்பில் நான், "எங்கியோ கதவு மாட்றாங்க போல இருக்குது" என்றேனாம்.

"ஆமாம்மா, உங்க வீட்லதான்" என்று டாக்டரம்மா என் தலையைத் தடவினார். அந்தக் கை இதமாக இருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் குப்பு அக்காவுக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து முழங்கை நொறுங்கி, ஆபரேஷன் முடிந்து கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் விழுந்த கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"கேவுரா? எந்த ஊரு ரோட்ல?"

சொன்னேன்.

"அப்பாடா! எங்க ஊரு இல்ல" என்று படுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் எழுந்து உட்கார்ந்தார். "நாங்களும் ரோட்லதான் காயப் போடறோம். இனிமே போட மாட்டேன்மா, உன் மேல சத்தியம்."

"உங்க மேல பண்ணுங்கக்கா. எம்மேல ஏற்கெனவே ஜாஸ்தியா பண்ணிட்டாங்க" என்றேன். வார்டே சிரித்தது.

அவரால் நடக்க முடியும், ஒரு கை இல்லை. எனக்கு இரண்டு கையும் இருக்கிறது, நடக்க முடியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று சீக்கிரமே கண்டுகொண்டோம். அவர் வெந்நீர் பிடித்துவருவார். நான் மூடியைத் திறப்பேன். நான் சாத்துக்குடி உரிப்பேன். அவர் தோலைக் கொண்டுபோய்ப் போடுவார். அவர் ரவிக்கை மாட்ட முடியாமல் கஷ்டப்பட்டதைப் பார்த்து, வீட்டிலிருந்து கத்தரிக்கோலும் ஊசி நூலும் வரவழைத்து, ஒரு ரவிக்கையின் தோளைப் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சிஸ்டர்கள் வந்து பார்த்துவிட்டு, "இத எல்லா கை பேஷன்ட்டுக்கும் தெச்சிக் குடுங்க" என்றார்கள். அங்கேயும் எனக்கு ஆர்டர் வந்துவிட்டது.

இவர் வேனை வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடேயே இருந்தார். என் முகத்தைப் பார்ப்பார், காலை மட்டும் பார்க்கமாட்டார். போர்வை விலகினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைச் சரிசெய்வார். ஒரு நாள் காலையில் என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்து, சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை, இரண்டும் பையன்கள்; அவர் ஜன்மத்தில் ஜடை பின்னியதில்லை. கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி, நுனியில் ரப்பர் பேண்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு டிரைவர் முடிச்சுப் போட்டார்.

"இது இன்னாங்க, தார்ப்பாய் கட்டறதா?" என்றேன்.

"அவுராது பாரு" என்றார்.

அவிழவேயில்லை. சிஸ்டர் வந்துதான் பிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வாக்கர், பிறகு சுவர், பிறகு ஒரு ஊன்றுகோல். இவருடைய தங்கை மல்லிகா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். வேலை விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுப் போவாள். நாத்தனார் என்றால் ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். என் நாத்தனார் வைத்த முருங்கைக்கீரைக் குழம்பில்தான் என் எலும்பு ஒட்டியது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒவ்வொரு முறை எக்ஸ்ரே எடுக்கும்போதும் உடைந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒன்று கூடிக்கொண்டே வந்தது. அதுதான் புது எலும்பு என்றார் டாக்டர். முதலில் பஞ்சுபோல வந்து, பிறகு கெட்டிப்படுமாம். கடைசியில் ஒரு நாள், "நல்லா ஒட்டிடுச்சும்மா. ஊன்றுகோல விட்டுடலாம்" என்றார். நான் கைதட்டினேன். அவர் சிரித்துவிட்டு, படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"ஒரு விஷயம். ரொம்ப நொறுங்கின இடம், இல்லீங்களா? எவ்ளோ இழுத்து வெச்சாலும் கொஞ்சம் உள்வாங்கித்தான் ஒட்டும். இந்தக் கால் அந்தக் கால விட லேசா கம்மியா இருக்கும்."

"எவ்ளோ கம்மி சார்?"

"நடக்க நடக்க இடுப்பு இறுக்கம் விடும். அப்புறம் சரியா அளந்துக்கலாம். இப்பத்திக்கு குதிகால் கீழ ஒரு மெத்தை வெச்சிக்குங்க."

"சைக்கிள் ஓட்டலாமா சார்?"

"மெதுவா, தாராளமா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் முருங்கைக்கீரை தின்றேன்.

ஷூவுக்குள் குதிகாலுக்கு மெத்தை வைத்ததும் நடை நன்றாகவே இருந்தது. மறுநாளே சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். ஏறி நாலு மிதி மிதித்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்தது. இடது பெடல் கீழே போகும்போது கால் எட்டவில்லை. எட்டுவதற்காக இடுப்பு சீட்டின்மேல் இடப்பக்கம் சரிந்தது. அடுத்த மிதிக்கு வலப்பக்கம். அம்மியில் அரைக்கிற மாதிரி சீட்டில் என்னை நானே அரைத்துக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் அடிமுதுகில் வலி பிடித்துக்கொண்டது. சரி என்று சீட்டைக் கீழே இறக்கினேன். இப்போது இடது கால் எட்டியது, ஆனால் நீளமான வலது கால் மடங்கி மடங்கி, முழங்காலின் முன்பக்கம் சுரீர் என்றது. ஒரு காலுக்குச் சரி செய்தால் மறு காலுக்கு ஆகவில்லை.

இதெல்லாம் போதாதென்று, சீட்டைப் பழையபடி ஏற்றிவிட்டு வந்தபோது, நிறுத்துவதற்கு எப்போதும்போல இடது காலைத் தரையில் ஊன்றினேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. சைக்கிளோடு இடப்பக்கம் சாய்ந்து, இளநீர்க் கடைக்காரர் குவித்து வைத்திருந்த மட்டைமேல் போய் உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்று கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கழுத்தில் டேப் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் இடுப்பையெல்லாம் அளப்பவளிடம், அப்புறம் அளக்கலாம் என்று டாக்டர் சொன்னால் கேட்பேனா? கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு இவரை அளக்கச் சொன்னேன். பேன்ட்டுக்கு அளவெடுப்பது போலவே, தொப்புளுக்கு நேரே நாடா கட்டும் இடத்திலிருந்து கணுக்கால்வரை. இரண்டு காலுக்கும் வித்தியாசம் ஒன்றரை அங்குலம் வந்தது. திரும்ப அளந்தோம். அதேதான்.

ஒன்றரை அங்குலம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு பேன்ட்டில் அவ்வளவு வித்தியாசம் வந்தால் நான் முழுவதையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுப்பேன். அன்று சாயங்காலம் மிஷின்முன் உட்கார்ந்தவள் ஒரு தையலும் போடாமல் எழுந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பயப்படாதவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. சைக்கிள் இல்லாத தேன்மொழி எப்படி இருப்பாள் என்று எனக்கே தெரியவில்லை.

மல்லிகாவுக்கு நான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காது. அவள் போனில் ஒரு வீடியோவோடு வந்தாள்.

"அண்ணி, எலும்ப வளக்கறாங்களாம்! மெட்ராஸ்ல பண்றாங்க. இங்க பாரேன்."

வீடியோவில் ஒருவர் காலைச் சுற்றி இரும்பு வளையங்களும் கம்பிகளும் கூண்டுபோல இருந்தன. இவர் என் காலைப் பார்க்காதவர், அந்த வீடியோவை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். பார்த்து முடித்ததும், "பண்ணிடலாம்" என்றார். "வேன வித்துட்டாவது பண்ணிடலாம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாளில் வேனைப் பார்க்க ஆள் வந்தது. டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வேன்தான் எங்கள் வீட்டு அடுப்பு. அதை விற்றுவிட்டு என்ன செய்வீர்கள் என்று இவரைக் கேட்டால், "யார் வண்டியாவது ஓட்டிக்கறேன்" என்றார்.

டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். மல்லிகா வீடியோவைக் காட்டினாள். அவர் பொறுமையாக முழுவதையும் பார்த்தார்.

"இது பொய்யில்ல, உண்மையாவே பண்றதுதான்" என்றார். "எலும்ப மறுபடியும் வெட்டணும். வெளிய ஃப்ரேம் மாட்டி, தினமும் துளி துளியா திருகி, வெட்டின இடத்த விரிச்சிக்கிட்டே போகணும். அந்த இடைவெளில புது எலும்பு வரும். மாசக்கணக்குல ஆவும். கம்பி போற இடத்துல சீழ் புடிக்கலாம், மூட்டு இறுகிப் போவலாம். வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தியா இருந்தா யோசிக்கலாம். கம்மின்னா தேவையே இல்ல. முதல்ல சரியா அளக்கலாம்."

"அளந்துட்டோம் சார். ஒன்றரை இஞ்ச்" என்றேன்.

"யார் அளந்தது?"

"இவருதான். ஆனா டேப் என்னுது."

டாக்டர் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு காலும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி ஒரு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுக்கும் ரெஹானா இந்த ஊர்ப் பெண்தான், மசூதித் தெருவில் வீடு. நான் நடந்து வந்ததைப் பார்த்தே, "அக்கா, இடுப்ப தூக்கிக்கினு நடக்கறீங்க" என்றாள். பிறகு படுக்கவைத்து, அளந்த கதையைக் கேட்டாள்.

"தொப்புள்லேந்து அளந்தீங்களா? அங்கதான் தப்பு. மாசக்கணக்கா வலிக்கு பயந்து இடது பக்க இடுப்ப மேல இழுத்துக்கினே இருந்திருக்கீங்க. சதை அப்படியே இறுகிப் போச்சு. இடுப்பு மேல போச்சுன்னா கால் குட்டையா தெரியும். அது எலும்போட குறை இல்ல."

இடுப்பின் முன்பக்கம், பேன்ட் பாக்கெட் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு எலும்பு முனை தட்டுப்படும், தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து உள்கணுக்கால்வரை அளக்க வேண்டுமாம். அளந்தாள். அப்புறம் என்னை நிற்கவைத்து, இடது காலுக்குக் கீழே ஒவ்வொரு பலகையாக அடுக்கி, இரண்டு பக்க இடுப்பும் சமமாகும்வரை பார்த்தாள். படம் வந்தது. எல்லாம் ஒரே கணக்கைச் சொன்னது. உண்மையான குறைவு சுமார் முக்கால் அங்குலம்தான். மீதிப் பாதி, பயத்தில் இறுகிய சதை.

இத்தனை வருடம் அளவெடுத்துப் பிழைத்தவள், சொந்தக் காலைத் தப்பாக அளந்து ஒரு வேனை விற்க வைத்திருப்பேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரெஹானாவும் சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"முக்கால் இஞ்சும் குறைதானே?" என்றார்.

பயிற்சி ஆரம்பமானது. படுத்துக்கொண்டு முழங்காலை மார்புக்கு இழுப்பது, இடுப்பைத் தூக்கி இறக்குவது, படியில் ஏறி இறங்குவது. நான் சைக்கிள் கதையைச் சொன்னதும் ரெஹானா இன்னும் உற்சாகமாகிவிட்டாள்.

"குதிகாலுக்கு மெத்தை வெச்சிருக்கீங்க. நடக்கறப்ப குதிகால் முதல்ல ஊனும், அதனால சரியா இருக்குது. சைக்கிள்ல எதால மிதிக்கறீங்க?"

காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பற்றால்தான் மிதிக்கிறோம். குதிகால் சும்மா காற்றில் தொங்குகிறது. அங்கே மெத்தை வைத்து யாருக்கு என்ன லாபம்?

"சீட்ட நீளமான காலுக்கு வெச்சிடுங்க. குட்டக் காலுக்கு பெடல உசத்துங்க. ஆனா முழு முக்கால் இஞ்ச் வேணாம். பெடல் மேல வரும்போது முட்டியும் அவ்ளோ மேல வரும், மடங்கறதுக்கு கஷ்டமாயிடும். பாதி வெச்சி ஆரம்பிங்க. வலிச்சா மாத்திக்கலாம். இன்னொண்ணு, நிறுத்தினா வலது கால ஊனுங்க."

பெடலை உயர்த்த எங்கள் ஊர்ப் பாஷா பாயிடம் போனோம். சைக்கிள் கடை வைத்திருக்கிறார், எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பஞ்சர் ஒட்டுபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி இடது பெடல்மேல் போல்ட் போட்டு முடுக்கினார். தெருமுனை திரும்புவதற்குள் ஷூ வழுக்கியது. கட்டையை எடுத்துவிட்டுக் கெட்டியான ரப்பர் வைத்தார். வழுக்கவில்லை. மிதித்தால் சுகமாக இருந்தது. ஆனால் காலை எடுத்த மறுநொடி, ரப்பரின் கனத்துக்குப் பெடல் குப்புறத் திரும்பிக்கொண்டது. மறுபடி ஏறும்போது காலால் துழாவி, புரட்டி, பிடிக்க வேண்டும். அதற்குள் சைக்கிள் ஆடிவிடும்.

"நாய்க்குட்டி மாதிரி புரண்டுக்குது பா" என்று பாஷா பாய் தலையைச் சொறிந்தார். "ரெண்டு நாள் டைம் குடு தேனு, யோசிக்கறேன்."

சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். இவர் டீ டம்ளரோடு அதன் எதிரே குந்தியிருந்தார். பெடலைக் கையால் நிமிர்த்துவார். அது குப்புறக் கவிழும். திரும்ப நிமிர்த்துவார். டீ ஆறிப்போனது. திடீரென்று எழுந்தார்.

"ஏம்மா, ஒரு பக்கம் கனம் இருந்தாதானே கவுரும்? ரெண்டு பக்கமும் போட்டுட்டா?"

நான் ஊசியும் கையுமாக அப்படியே நின்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி பாஷா பாய் கடைக்கு ஓடினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பெடலின் மேலேயும் கீழேயும் ஒரே கனத்தில் ரப்பர். எப்படித் திரும்பினாலும் ஒரே உயரம். கை முழுக்கக் கிரீஸ். விழுந்த நாளுக்கப்புறம் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். சீட்டை வலது காலுக்குச் சரியாக ஏற்றிவைத்தார். அப்போதுதான், முதல்முறையாக, என் இடது காலைக் கையால் பிடித்துப் பெடல்மேல் வைத்தார். கணுக்காலை விடவில்லை. தழும்பு சேலைக்குள்தான் இருந்தது, ஆனாலும் அவர் பார்வை அங்கேதான் இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"நான் பாத்து ஓட்டிருக்கணும்" என்றார், காலைப் பார்த்தபடியே.

இத்தனை மாதமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

"இந்தாங்க, நீங்க என் காலுக்காக வேன விக்கல. அந்தக் கேவுருக்காக விக்கறீங்க. ரோட்ல கொட்டினது நீங்களா? மெதுவாதான வந்தீங்க, பின்னாடி நான்தான உக்காந்திருந்தேன். மறுபடியும் என் எலும்ப வெட்டி, கூண்டு மாட்டி, நான் வருஷம் பூரா கத்திக்கினு கெடந்தா உங்களுக்கு மனசு ஆறிடுமா?"

அவர் கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கரி ஆக்கிக்கொண்டார்.

"போய்ட்டு வர்றேன், பாருங்க. எப்படி வர்றேன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று மிதித்தேன்.

தெருமுனைவரை போனேன். இடுப்பு ஆடவில்லை. கோயில் பக்கம் திரும்பினேன். முழங்கால் சுரீரென்று வலிக்கவில்லை. வேகத்தடைக்கு முன்னால் நிறுத்தி, நினைவாக வலது காலை ஊன்றினேன். தரை, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. திரும்பி வரும்போது இவர் நடுத்தெருவில் நின்றிருந்தார், மல்லிகாவும் வந்திருந்தாள். நான் மணி அடித்துக்கொண்டே அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். மல்லிகா கைகொட்டினாள். இவர் போனை எடுத்து, வேன் கேட்டவரிடம், "இல்ல ணா, குடுக்கல, ஓட்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்கப்புறம் எல்லாம் நேராகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ரப்பர் கொஞ்சம் ஜாஸ்தி என்று பிறகு ஒருமுறை சீவி எடுத்தோம். இடது கால் ஊன்றும் பழக்கம் போக நாளானது; அவசரத்தில் இடது கால்தான் முந்திக்கொண்டு வரும். நடைபாதை விளிம்புக் கல் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினால் இடது காலையும் ஊன்றலாம் என்று கண்டுபிடித்தேன். விட்டுப்போன அங்குலத்தை அந்தக் கல் கொடுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் தொடைக்குள் கம்பி இருப்பது தெரிகிறது. பயிற்சியைச் சோம்பேறித்தனத்தில் நிறுத்தினால் இடுப்பு மறுபடி மேலே ஏறிக்கொள்கிறது, ரெஹானாவிடம் திட்டு வாங்குகிறேன். டாக்டர் என் சைக்கிளைப் பார்க்க வாசலுக்கே இறங்கி வந்தார். பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார். இதேபோல் குட்டைக்காலோடு வரும் இன்னொருவருக்குக் காட்டலாம் என்றார். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து வீட்டு டேப்பை நம்பி அழாதீர்கள். தெரிந்தவர்களிடம் போய் அளந்துகொள்ளுங்கள்.

போன வாரம், தைத்த பேன்ட்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு, மலை சுற்றும் ரோட்டில் செங்கம் ரோட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். பௌர்ணமி இல்லாத நாள், ரோடு காலி. எதிர்க்காற்று இல்லை. பின்னாலிருந்து மொபெட்டில் ஒருவர், முன்பக்கம் தயிர்க் கேனோடு, அவசர அவசரமாக என் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா! ஏம்மா! நிறுத்து நிறுத்து! பெடல்ல இன்னாவோ மாட்டிக்கினு வருது, பாரு!"

"மாட்டிக்கல ணா" என்றேன், மிதிப்பதை நிறுத்தாமல். "அது என் காலு."

அவர் பெடலைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"காலா?"

"ஆமா. மிச்சக் காலு."

மொபெட்டும் சைக்கிளும் கொஞ்ச தூரம் பக்கத்துப் பக்கத்தில் போயின. இரண்டு காலும் ஏறி ஏறி இறங்குவதை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சரியாத்தான் சுத்துது" என்றார் கடைசியில். "அப்ப போம்மா, போ."

கையால் வழிவிட்டு, எனக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.